நீரிற் கலந்த சேதன மாசுகளும் அவற்றை உறிஞ்சும் பொருள்களும்
யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வற்றாத ஆறெதுவும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், குடிப்பதற்கும் பயிர்செய்வதற்கும் பயன்படும் நன்னீரின் மிகப் பெரும்பகுதி மழையாற் பெறப்பட்டுத் தரையின் கீழ்ச் சேர்வதாகும். மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் தங்கும் இந்நீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. சுண்ணக்கல்லின் மேற் கிடக்கும் செம்மண் படை பல இடங்களில் மெல்லியது. அதிற் சேதனப் பொருளின் அளவும் குறைவு. எனவே தரையிற் கொட்டப்படும் எதனையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று இப்பகுதியில் நம்பியிருக்க முடியாது. வெடிப்புகளின் வழியே நீர் இறங்கும்போது மாசும் உடன் இறங்கிவிடுகின்றது.

சுன்னாகத்தில் டீசல் மின்னிலையங்களைச் சூழ்ந்திருந்த கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டமை இதற்கு நாமறிந்த சான்றாகும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 ஆம் ஆண்டுகளில் அப்பகுதியின் 150 கிணறுகளை ஆராய்ந்தபோது 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவினை விஞ்சியிருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவொன்று இதனின் வேறான முடிவைத் தந்தது. ஈற்றில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்துபவரே செலவினை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டின் அடிப்படையில், 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது.

வழக்கு முடிந்தாலும் அது எழுப்பிய அறிவியல் வினாக்கள் முடிந்துவிடவில்லை. எண்ணெய் கலந்த நீரைத் தூய்மையாக்க இயலுமா? இயலுமாயின் எப்பொருளால், எம்முறையால்? வீட்டிற் பொருத்தும் கரி வடிகட்டி போதுமா? ஒரே பகுதியின் நீரை ஆராய்ந்தோர் வேறு வேறு முடிவுகளை எய்தியது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு வேண்டிய அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரில் எண்ணெய் இருக்கும் நிலைகள்

எண்ணெயும் நீரும் கலவா என்பது வழக்கு. ஆயினும் இரசாயனவியல் நோக்கில் இவ்வழக்கு முழு உண்மையன்று. பெற்றோலிய எண்ணெய் என்பது நூற்றுக்கணக்கான சேதனச் சேர்வைகளின் கலவை. அது நீரில் மூன்று நிலைகளில் இருக்கக்கூடும்.

முதலாவது, மேற்பரப்பிற் படலமாக மிதக்கும் எண்ணெய். இது கண்ணுக்குப் புலனாவது. இரண்டாவது, நுண்டுளிகளாக நீரிற் பரவி நிற்கும் குழம்பு. சவர்க்காரம் முதலியன உடனிருப்பின் இக்குழம்பு நெடுநேரம் பிரியாது நிற்கும். மூன்றாவது, மூலக்கூறு மூலக்கூறாக உண்மையாகவே கரைந்துள்ள பகுதி. நம் கவனத்தை மிகுதியும் வேண்டுவது இம்மூன்றாம் நிலையே.

கரையும் தகவு சேர்வைக்குச் சேர்வை பெரிதும் வேறுபடும். 25 பாகை செல்சியசில் ஒரு இலீற்றர் நீரில் ஒற்றேன் ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் மட்டுமே கரையும். தொலுயீன் 500 மில்லிகிராமுக்குச் சற்று மேலும், பென்சீன் ஏறத்தாழ 1,800 மில்லிகிராமும் கரையும். நீண்ட சங்கிலி ஐதரோக்காபன்கள் மேலே மிதக்க, வளைய அமைப்புடைய அரோமற்றிக்குச் சேர்வைகளே நீருட் செல்கின்றன என்பது இதனாற் பெறப்படும். டீசலில் பென்சீனின் அளவு சிறிதே. எனினும் அல்கைல் பென்சீன்களும் நப்தலீனும் அதன் வழிச்சேர்வைகளும் அதிலிருந்து நீருக்குட் செல்லக்கூடியன.

குடிநீரில் பென்சீனின் அளவு இலீற்றருக்கு 0.01 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டற் பெறுமானம். அது புற்றுநோய் விளைவிக்கும் சேர்வையாதலால் இத்துணைக் கடுமையான எல்லை வகுக்கப்பட்டது. ஆனால், நீரிற் பென்சீனின் மணத்தை மூக்கு உணர்வதற்கு இலீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு வேண்டும். அதாவது எல்லையின் ஆயிரம் மடங்கு. தொலுயீனின் நிலை இதற்கு நேர்மாறானது. அதற்குரிய எல்லை இலீற்றருக்கு 0.7 மில்லிகிராம், அவ்வளவை எட்டுமுன்னரே மணம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே மணமுள்ள நீர் எப்போதும் நஞ்சென்றும், மணமற்ற தெளிந்த நீர் எப்போதும் நன்றென்றும் கொள்வதற்கில்லை.

அகத்துறிஞ்சலும் புறத்துறிஞ்சலும்

'உறிஞ்சுதல்' என நாம் பொதுவாகக் கூறுவது இருவேறு செயல்முறைகளைக் குறிக்கும். கடற்பஞ்சு நீரைக் குடிப்பதுபோல ஒரு பொருள் இன்னொன்றைத் தன்னுள்ளே ஏற்றுக்கொள்வது அகத்துறிஞ்சல். ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்வது புறத்துறிஞ்சல். 1785 இல் தோபியாசு லோவிற்சு என்பார், கரியானது கரைசல்களின் நிறத்தை நீக்குவதனை அவதானித்தார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் சீனி ஆலைகள் எலும்புக்கரியால் வெல்லப்பாகின் நிறத்தை நீக்கின. இவ்விரு செயல்களையும் வேறுபடுத்திக் காட்டும் தனிச்சொல் 1881 இல் கைசரினால் வழக்கிற் கொண்டுவரப்பட்டது.

மிதக்கும் எண்ணெய்க்கு அகத்துறிஞ்சும் பொருள்கள் ஏற்றவை. இலவம் பஞ்சு இவற்றுட் சிறப்பாகக் கூறத்தக்கது. அதன் இழை ஒவ்வொன்றும் உள்ளீடற்ற குழாய். அதன் புறம் மெழுகுப் பூச்சுடையது. மெழுகு நீரை விலக்கி எண்ணெயை ஏற்கின்றது. குழாயின் வெற்றிடமும் இழைகளுக்கிடையேயுள்ள வெளியும் அதனைத் தாங்கி வைக்கின்றன. தன் எடையின் முப்பது மடங்குக்கும் மேற்பட்ட எண்ணெயை அது பற்றவல்லதென ஆய்வுகள் காட்டியுள்ளன. பருத்திப் பஞ்சு மெழுகு நீக்கப்பட்டபின் நீரையே விரும்பிக் குடிக்கும். ஆதலால் அது இப்பணிக்கு உதவாது. கடலில் எண்ணெய் சிந்தும்போது பயன்படுத்தப்படும் பொலிபுரொப்பிலீன் பாய்களும் இலவம் பஞ்சின் தத்துவத்தையே பின்பற்றுவன. ஆயின் கரைந்துள்ள பென்சீனையோ நப்தலீனையோ இவற்றால் போதியவளவு அகற்ற முடியாது. அதற்குப் புறத்துறிஞ்சலே வேண்டும்.

நீரிற் கரைந்த ஒரு சேதன மூலக்கூறு கரியின் மேற்பரப்பை நாடுவதற்குக் காரணங்கள் இரண்டு. நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பினால் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. முனைவற்ற மூலக்கூறு அவற்றிடையே புகும்போது அந்த ஒழுங்கு குலைகின்றது. ஆதலால் நீர் அதனை வெளியே தள்ள முனைகின்றது. மறுபுறத்தில், கரியின் மேற்பரப்பு வந்தர்வாலின் விசைகளால் அதனை ஈர்க்கின்றது. இதிலிருந்து ஒரு பொதுவிதி கிடைக்கும்: நீரில் எளிதிற் கரையாத சேர்வையே கரியில் எளிதில் ஒட்டும். சீனியும் மதுசாரமும் போன்றவை நீரை விட்டு வர விரும்பா.

ஏவிய காபன்

அடுப்புக்கரிக்கும் ஏவிய காபனுக்கும் உள்ள வேறுபாடு முதன்மையானது. சிரட்டையையோ மரத்தையோ காற்றுக் குறைந்த சூழலில் எரித்துப் பெறும் கரியின் துளைகள் பெரும்பாலும் தாரினால் அடைபட்டிருக்கும். அக்கரியை 800 முதல் 1,000 பாகை செல்சியசு வரை சூடாக்கிக் கொதிநீராவியைச் செலுத்தினால், நீராவி காபனின் ஒரு பகுதியுடன் தாக்கமுற்றுக் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் ஆகி வெளியேறும். வெளியேறிய காபன் இருந்த இடமே துளையாகின்றது. மரத்தூளைப் பொசுபோரிக்கமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கும் வேறொரு முறையும் உண்டு.

இவ்வாறு பெறப்படும் காபனின் ஒரு கிராமுக்கு 500 முதல் 1,500 சதுர மீற்றர் வரையான மேற்பரப்பு அமைகின்றது. ஆயிரம் சதுர மீற்றர் என்பது யாழ்ப்பாண வழக்கில் ஏறத்தாழ நான்கு பரப்புக் காணி. ஒரு தேக்கரண்டிக் கரியினுள் ஒரு குடும்பத்தின் வளவையும் விஞ்சிய மேற்பரப்பு மடிந்து கிடக்கின்றது எனின், அதன் ஆற்றலுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சிரட்டைக்கரியின் துளைகளிற் பெரும்பாலானவை 2 நனோமீற்றரிலும் சிறியவை. பென்சீன், தொலுயீன், குளோரோபோம் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு அவை மிகப் பொருந்துவன. நீருக்கு நிறமூட்டும் கியூமிக்குப் பொருள் போன்ற பெரு மூலக்கூறுகள் அத்துளைகளிற் புகமாட்டா. அவற்றுக்கு மரத்திலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ பெறப்படும் அகன்ற துளைக் காபனே ஏற்றது. முதலாம் உலகப் போரின்போது நச்சுவாயுக் கவசங்களுக்காகத் தேங்காய்ச் சிரட்டையும் பழக்கொட்டைகளும் திரட்டப்பட்டமை இதன் வரலாற்றில் ஓர் அத்தியாயம். இலங்கை இன்று சிரட்டையிலிருந்து பெறும் ஏவிய காபனை ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளுள் ஒன்றாகும். நம் சிரட்டை பிறநாட்டு நகரங்களின் குடிநீரைத் தூய்மையாக்குகின்றது. நம் கிணற்றுக்கு அது வந்து சேர்ந்ததா என்பது வேறு வினா.

எவ்வளவு நீருக்கு எவ்வளவு கரி?

கரி எவ்வளவு மாசைப் பற்றும் என்பது நீரிலுள்ள செறிவைப் பொறுத்தது. மாறாத வெப்பநிலையில் இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பைக் காட்டும் வளைகோடு சமவெப்பக்கோடு எனப்படும். 1906 இல் பிரெண்ட்லிக்கும், அதனை அடுத்த பத்தாண்டில் இலாங்மூரும் இதற்குரிய சமன்பாடுகளை அளித்தனர்.

ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு முகவராண்மை 1980 இல் வெளியிட்ட அட்டவணையொன்று, நிலக்கரியிலிருந்து பெற்ற ஒருவகைக் காபனுக்குரிய பெறுமானங்களைத் தருகின்றது. நீரில் இலீற்றருக்கு 1 மில்லிகிராம் மாசு உள்ளபோது ஒரு கிராம் காபன் பற்றும் அளவு வருமாறு: நப்தலீன் 132 மில்லிகிராம், தொலுயீன் 26 மில்லிகிராம், பீனோல் 21 மில்லிகிராம், குளோரோபோம் 2.6 மில்லிகிராம். ஒரே கரி ஒரு மாசை இன்னொன்றிலும் ஐம்பது மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. 'கரி வடிகட்டி மாசை நீக்கும்' என்னும் பொதுக்கூற்று எவ்வளவு பொருளற்றது என்பதை இது காட்டும்.

ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 500 இலீற்றர் நீரை வடிகட்டுகின்றதெனக் கொள்வோம். நீரில் இலீற்றருக்கு 1 மில்லிகிராம் தொலுயீன் இருப்பின், நாளொன்றுக்கு அகற்ற வேண்டியது 500 மில்லிகிராம். அதற்கு வேண்டிய கரி ஏறத்தாழ 19 கிராம். பத்துக் கிலோகிராம் கரி 520 நாள்களுக்குப் போதும். தொலுயீனுக்குப் பதில் குளோரோபோம் இருப்பின் அதே கரி 52 நாள்களில் நிறைந்துவிடும்.

இக்கணக்கு தூய நீருக்கும் தனியொரு மாசுக்கும் உரியது. கிணற்று நீரில் இயற்கையான சேதனப் பொருளும் பல மாசுகளும் ஒரே மேற்பரப்புக்குப் போட்டியிடுகின்றன. ஆகவே நடைமுறையில் கரியின் ஆயுள் கணக்கிற் காண்பதனிலும் குறைவாகவே அமையும்.

வடிகட்டி நிரலின் நடத்தை

கரியை ஒரு நிரலாக அடைத்து நீரை மேலிருந்து செலுத்தும்போது முதலில் மேற்படை நிறைகின்றது. பின்னர் மாசு பற்றப்படும் வலயம் படிப்படியாகக் கீழிறங்குகின்றது. அவ்வலயம் அடியை எட்டும்வரை வெளிவரும் நீர் தூயது. எட்டிய பின் மாசு வெளியே தலைகாட்டத் தொடங்கும். நீரின் நிறமோ தெளிவோ இதனைக் காட்டுவதில்லை. நேற்றும் இன்றும் ஒரே தோற்றமுடைய நீரில், நேற்றில்லாத பென்சீன் இன்றிருக்கலாம்.

மூன்று செய்திகள் இங்கு மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, நேரம். மாசு மூலக்கூறு நுண்டுளைகளுக்குள் ஊடுபரவிச் செல்வதற்கு நேரம் வேண்டும். பத்துக் கிலோகிராம் கரி ஏறத்தாழ 20 இலீற்றர் இடத்தை அடைக்கும். நிமிடத்துக்கு 2 இலீற்றர் வீதம் நீரைச் செலுத்தினால் பத்து நிமிடத் தொடுகை கிடைக்கும். பெரிய நீர்நிலையங்களிலும் இத்தகைய காலமே பேணப்படுகின்றது. குழாய் முனையிற் பொருத்தும் கையடக்கமான வடிகட்டியில் நீர் சில வினாடிகளே தங்குகின்றது.

இரண்டாவது, மீள்வெளியேற்றம். புறத்துறிஞ்சல் ஒரு சமநிலைச் செயல்முறை. கிணற்றில் மாசின் செறிவு குறைந்தாலும், வலிதாக ஒட்டும் வேறொரு சேர்வை வந்தாலும், முன்னர் ஒட்டியிருந்தது நீருக்குத் திரும்பும். மாசினை நீக்க வைத்த வடிகட்டியே அந்நிலையில் மாசின் ஊற்றாகிவிடும்.

மூன்றாவது, நுண்ணுயிர். கரி குளோரீனை அழித்துவிடுகின்றது. சேதனப் பொருளைத் தன்மேற் சேர்த்து வைக்கின்றது. பற்றீரியா வளர்வதற்கு இதனிலும் நல்ல இடம் வேண்டியதில்லை. எனவே நுண்ணுயிர் நீக்கம் கரிக்குப் பின்னரே நிகழ வேண்டும். சேதனப் பொருள் மிகுந்த நீரில் முதலிலேயே குளோரீனை இட்டால் குளோரோபோம் போன்ற சேர்வைகள் உண்டாகும் என்பது 1974 இல் நெதர்லாந்தில் யொகான்னசு றூக் என்பவரால் வெளிப்படுத்தப்பட்டதும் இவ்வொழுங்கை வலியுறுத்தும்.

கரியால் ஆகாதவையும் உள. விவசாய உரத்தினாற் குடாநாட்டுக் கிணறுகளிற் சேரும் நைத்திரேற்றையோ, நீரின் வன்மையையோ, உவரையோ ஏவிய காபன் நீக்காது. நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்தனர். அது களித்துணிக்கைகளைத் திரட்டிப் படியச் செய்யும் நல்ல முறை; கரைந்த ஐதரோக்காபனுக்கு அது மருந்தன்று. ஒவ்வொரு முறையையும் அதற்குரிய எல்லையுள் வைத்தே மதிப்பிட வேண்டும்.

பிற பொருள்களும் முறைகளும்

ஆவியாகும் சேர்வைகளை நீக்க, நீரைக் கோபுரமொன்றிற் சொரிந்து எதிர்த்திசையிற் காற்றைச் செலுத்தும் முறை பயன்படுகின்றது. பென்சீனுக்கு இது நன்கு உதவும்; ஆயின் மாசு காற்றுக்கு மாற்றப்படுகின்றது என்பதை மறத்தலாகாது. ஓசோனும் புறவூதாக் கதிரும் மாசு மூலக்கூறுகளை உடைக்கவல்லன. களியின் மேற்பரப்பில் அமோனியம் வழிச்சேர்வைகளை ஏற்றி அதனை எண்ணெய் விரும்பியாக்கலாம். கரியின் துளைகளைக் குழம்பெண்ணெய் அடைத்துவிடாதபடி, இச்சேதனக்களி முன்வடிகட்டியாகப் பயன்படும். துளையுடைய பல்பகுதியப் பிசின்களை மதுசாரத்தாற் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். உலோக அயன்களையும் சேதன மூலக்கூறுகளையும் இணைத்துக் கட்டப்படும் நுண்டுளைச் சட்டகங்கள் கிராமுக்குப் பல்லாயிரம் சதுர மீற்றர் மேற்பரப்பை அளிக்கின்றன. அவற்றை உருவாக்கியமைக்காக 2025 இல் கிற்றகாவா, றொப்சன், யாகி ஆகியோருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் விலை நோக்கிலும் கிடைக்கும் தன்மை நோக்கிலும் சிரட்டைக்கரியின் இடத்தை இவை கிராமத்துக் கிணற்றடியில் எடுத்துவிடவில்லை.

அளவீடும் அதன் பொருளும்

மாசின் பெயரை அறியாமற் கரியின் அளவைக் கணிக்க முடியாது என்பது மேலே கூறியவற்றாற் புலனாகும். இங்குதான் முன்னுரையிற் கூறிய முரண்பாடு முக்கியத்துவம் பெறுகின்றது.

'எண்ணெயும் கொழுப்பும்' என்பது ஒரு சேர்வையின் பெயரன்று. அது ஓர் அளவீட்டு முறையின் பெயர். நீர் மாதிரியை அமிலமாக்கி, எட்சேன் போன்ற கரைப்பானாற் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சுவதை நிறுப்பதே அம்முறை. நிறுக்கப்படுவதில் கனிய எண்ணெயும் இருக்கலாம், தாவர எண்ணெயும் சவர்க்காரக் கொழுப்பும் இருக்கலாம். மறுபுறத்தில், எளிதில் ஆவியாகும் பென்சீனும் தொலுயீனும் கரைப்பானோடு போய்விடும். அவற்றை அறிவதற்கு, காற்றிடைவெளியின்றி நிரப்பிக் குளிரூட்டிய குப்பியில் மாதிரியை எடுத்து, வாயு நிறப்பகுப்பியலால் ஆராய வேண்டும். குப்பி திறந்திருந்தாலோ நாட்கள் கடந்தாலோ மாசு பறந்துவிடும். 'இல்லை' என்னும் விடை கிடைக்கும்.

ஆகவே ஓர் ஆய்வு 'எண்ணெய் உண்டு' எனவும் இன்னோர் ஆய்வு 'பென்சீன் இல்லை' எனவும் கூறின் அவை ஒன்றையொன்று மறுப்பன ஆகா. வேறு வேறு வினாக்களுக்கு அவை விடையளித்துள்ளன. மாரிக்கும் கோடைக்கும் இடையே நீர்மட்டம் ஏறியிறங்குவதும் முடிவுகளை வேறுபடுத்தும். எந்த முறையால், எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில், எந்தக் கண்டறி எல்லையுடன் அளக்கப்பட்டது என்பதை வெளியிடாத முடிவு, ஆய்வாளருக்கும் பயன்படாது, கிணற்றுக்காரருக்கும் பயன்படாது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு நடைமுறை ஒழுங்கு பெறப்படும். மாசின் ஊற்றை முதலில் அடைத்தல். மிதக்கும் எண்ணெயை அகத்துறிஞ்சும் பொருளால் அகற்றல். குழம்பினை முன்வடிகட்டியால் நீக்கல். கரைந்த பகுதியை இனங்கண்டு, அதற்கேற்ற காபனைப் போதிய தொடுகை நேரத்துடன் பயன்படுத்தல். இரு நிரல்களைத் தொடராக வைத்து, முதல் நிரலின் பின் ஒழுங்காக மாதிரி எடுத்துச் சோதித்தல். இறுதியில் நுண்ணுயிர் நீக்கல் என்பன அவ்வொழுங்கு. இரு நிரல்களை வைப்பதால், முதலாவது நிறைந்ததை அறியும் வேளையிலும் இரண்டாவது குடிப்போரைக் காத்து நிற்கும்.

நிறைந்த கரியை என்செய்வது? அதனை ஏறத்தாழ 800 பாகைக்கு மேற் சூடாக்கி மீண்டும் ஏவலாம். ஆயின் அதற்குரிய உலை வீட்டில் இல்லை. வளவில் அதனைப் புதைத்தால், கிணற்றிலிருந்து எடுத்த மாசு கிணற்றுக்கே திரும்பும்.

மாதிரி எடுத்தல், ஆய்வுகூடச் சோதனை, கரியை உரிய காலத்தில் மாற்றல், பயன்படுத்திய கரியைத் திரட்டி மீள ஏவல் ஆகிய இவற்றுள் எதுவும் தனியொரு குடும்பத்தினால் ஆற்றத்தக்கதன்று. வீடுதோறும் வடிகட்டியை வாங்குமாறு கூறுவது, மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டிய செலவைக் குடிப்பவரின் தலையில் ஏற்றுவதாகும். விலை கொடுக்க வல்லவர் நல்ல நீரையும் ஏனையோர் கிணற்று நீரையும் குடிப்பர். நீதிமன்றம் ஏற்ற கோட்பாடு உண்மையிற் செயற்பட வேண்டுமாயின், இழப்பீடு ஒருமுறை வழங்கும் பணத்தோடு நின்றுவிடலாகாது. தொடர்ந்த கண்காணிப்பும், ஊர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், அவற்றின் அளவீடுகளை மக்கள் வாசித்தறியத்தக்க மொழியில் வெளியிடும் கடமையும் அதில் அடங்க வேண்டும்.

இவற்றுட் பின்னையது பல்கலைக்கழகங்களின் பணியுமாகும். சிரட்டை நம்மிடம் உண்டு. அதனை ஏவும் தொழினுட்பமும் நாட்டில் உண்டு. பகுத்தறியும் கருவிகளும் உள. தரைக்கீழ் நீருக்கு வேலியில்லை. ஒருவர் வளவிற் கொட்டியது அயலவர் கிணற்றில் ஊறும் என்பதை யாழ்ப்பாணத்து விவசாயி நெடுங்காலமாக அறிவார். அவ்வறிவுக்கு அளவையும் சான்றையும் சேர்த்து அதனைப் பொது உரிமையாக நிலைநிறுத்துவதே இனி எஞ்சியுள்ள வேலையாகும்.